சர்வர் சுந்தரத்துக்கு ஒரு பேர் இருந்தது

(பெரகலையில் எமது சங்கக் கிளைகள் சேர்ந்து நடத்திய தோட்ட இளைஞர் ஒன்றுகூடலில், நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' திரைப்படம் காட்டப்பட்ட பின்னர், கிளைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)

தோழர்களே, தாய்மார்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே,

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. அதனால்தான் கொஞ்ச நேரம் பேச எங்களுக்குத் துணிவு வந்திருக்கிறது. நீண்ட பேச்சு இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். மேற்கணக்குக்கு மூட்டத்துக்குள் நடந்து போக வேண்டியவர்களும் இருக்கிறீர்கள்.

இந்தக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யும்போது ஒரு மூத்த தோட்டத் தலைவர் எங்களிடம் கேட்டார்: "சம்பளப் பிரச்சினை கெடக்கு, வீட்டுப் பிரச்சினை கெடக்கு, காணிக்கு உறுதி இல்ல. இதையெல்லாம் விட்டுட்டு சிரிப்புப் படமா காட்டப் போறீங்க?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு. அவர் பின்வரிசையில் இருக்கிறார். படம் ஓடும்போது அவர் எத்தனை தடவை சிரித்தார் என்பதை நாங்கள் எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

ஒரு விஷயத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். சந்தியில் முச்சக்கர வண்டி ஓட்டும் சிங்களச் சகோதரர்கள் நாலைந்து பேர் சத்தம் கேட்டு உள்ளே வந்து, சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தார்கள். வசனம் அவர்களுக்கு முழுவதும் புரிந்திருக்காது. ஆனால் நாகேஷ் கை நிறையக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நடந்தபோது, நமக்கு முன்னால் "ஐயோ" என்றது அவர்கள்தான். 'ஐயோ' இரண்டு மொழியிலும் ஒன்றுதான். உடம்பு பேசும் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. சினிமாவில் அந்தப் பேச்சு வசனம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

படம் பேசாத காலத்தில் அதில் பெரிய ஆள் சார்லி சாப்ளின். 1889இல் லண்டனில் பிறந்தார். தாய் மேடைப் பாடகி. தந்தையும் பாடகர்தான், குடியால் அழிந்தார். சாப்ளினுக்கு ஏழு வயதிருக்கும்போது பிழைக்க வழியில்லாமல் தாயும் பிள்ளைகளும் ஏழைகள் விடுதிக்குப் போனார்கள். பிறகு தாய்க்கு மனநிலை பாதிக்கப்பட்டது. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, பெரிய சப்பாத்து, தொளதொள காற்சட்டை, சின்னத் தொப்பி, கையில் ஒரு பிரம்பு என்று உலகத்தைச் சிரிக்க வைத்தது. அந்த உடுப்பைப் பாருங்கள். எதுவும் அவர் அளவுக்குத் தைத்தது இல்லை. அடுத்தவருடைய பழைய துணியைப் போட்டு வளர்ந்த யாருக்கும் அந்த உடுப்பைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

1936இல் அவருடைய 'மாடர்ன் டைம்ஸ்' வந்தது. அதில் அவர் தொழிற்சாலைத் தொழிலாளி. ஓடும் பட்டியில் வரும் சாமானுக்கு ஆணி முறுக்குவது வேலை. பட்டியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரு நாள் முதலாளியிடம் ஒரு இயந்திரத்தை விற்க வருகிறார்கள். தொழிலாளிக்குச் சாப்பாடு ஊட்டும் இயந்திரம்! சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வேலையை நிறுத்த வேண்டாம், இயந்திரமே வாயில் ஊட்டிவிடும். சாப்ளினைப் பிடித்து அதில் கட்டிப் பரீட்சை பார்க்கிறார்கள். சூப்பு சட்டையில் கொட்டுகிறது, சோளக்கதிர் வெறிபிடித்த மாதிரி மூக்கிலும் வாயிலும் சுற்றுகிறது. நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். கடைசியில் முதலாளி அந்த இயந்திரம் வேண்டாம் என்கிறார். தொழிலாளிக்கு வலித்தது என்பதற்காக இல்லை, இது நடைமுறைக்கு ஒத்துவராது என்பதற்காக. அந்த இடத்தில் நமது சிரிப்பு கொஞ்சம் நின்றுபோகிறது. கூடைக் கொழுந்தோடு பத்து நிமிஷத்தில் சோற்றை விழுங்கிவிட்டு மலை ஏறும் நமது பெண்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

அதே படத்தின் பிற்பகுதியில் சாப்ளின் ஒரு சாப்பாட்டுக் கடையில் சர்வராகச் சேர்கிறார். பொரித்த வாத்தைத் தட்டில் தூக்கிக்கொண்டு, ஆடுகிற கூட்டத்துக்குள் நுழைகிறார். கூட்டம் அவரை ஒரு சுற்றுச் சுற்றித் தள்ளிவிடுகிறது. தட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் வாத்து இல்லை, அது தொங்கும் விளக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வேலையைக் காப்பாற்ற அவர் பாடவும் வேண்டும். பாட்டை எழுதி வைத்திருந்த கைப்பட்டி கழன்று பறந்துவிடுகிறது. அதனால் எந்த மொழியிலும் இல்லாத சொற்களைச் சேர்த்து ஒரு பாட்டுப் பாடுகிறார். அந்த வேஷத்தின் குரலை உலகம் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தமிழ்ச் சினிமாவில் உடம்பால் பேசிய நடிகர்களில் சந்திரபாபு நமது நாட்டோடு தொடர்புள்ளவர். தூத்துக்குடியில் பிறந்தார். அவருடைய தந்தை இந்தியச் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். அதனால் குடும்பம் கொழும்புக்கு வந்தது. சந்திரபாபு பள்ளிக்கூடம் போனது கொழும்பில். 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் அவர் ரிக்‌ஷாக்காரராக வருவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்தான் நாகேஷ்.

நாகேஷ் 1933 செப்டம்பர் 27ஆம் திகதி பிறந்தவர். தாராபுரத்துக்காரர். கன்னடம் பேசும் குடும்பம், தந்தைக்கு ரயில்வே வேலை. வீட்டில் கூப்பிட்ட பெயர் குண்டு ராவ். அந்த உடம்புக்குக் குண்டு ராவ்! அவரைப் பார்த்துச் சிரிப்பது பெயரிலேயே தொடங்கிவிட்டது போல. இளவயதில் அம்மை வந்து முகம் முழுக்கத் தழும்பு விட்டுப் போனது. சினிமாவில் கதாநாயகன் என்றால் முகம் பளபளக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், ஒட்டிய கன்னமும் அம்மைத் தழும்புமாக ஒருவர் சென்னைக்கு வந்து நின்றார்.

அதற்கு முன் கிடைத்த வேலை எல்லாம் பார்த்தார். பிறகு ரயில்வேயில் குமாஸ்தா. சென்னையில் ஒரு அறையில் கவிஞர் வாலியோடும் நடிகர் ஸ்ரீகாந்தோடும் சேர்ந்து தங்கியிருந்தார். மூன்று பேரும் அப்போது யாருக்கும் தெரியாதவர்கள். ரயில்வே ஊழியர்கள் போட்ட ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரர் வேஷம். மேடையில் சில நிமிஷம்தான் வேலை. வசனத்தை நம்பி அவர் மேடை ஏறவில்லை. அந்த ஒல்லி உடம்பை முறுக்கி, மடக்கி, சுருட்டி வலியைக் காட்டியதும் சபை சிரித்துக் குலுங்கியது. தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேஷக்காரரைத்தான் மேடையில் பாராட்டிப் பரிசு கொடுத்தார். வயிற்றுவலி வலிதானே? அதைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று கேட்கலாம். வலியை மறைக்கப் படாதபாடு படுகிற ஒருவனைப் பார்க்கும்போது நமக்கு நம்முடைய ஞாபகம் வருகிறது. காய்ச்சலோடு பெரட்டுக்குப் போய் நிமிர்ந்து நின்றவர்கள் இங்கே எத்தனை பேர்!

1964 பெப்ரவரியில் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. பாலையாவை உட்கார வைத்து நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தெரியாதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். அந்தக் காட்சியில் கதை என்று ஒன்றுமில்லை. கதவு திறக்கும் சத்தம், காற்றின் சத்தம், கை, கண், ஒரு எட்டு முன்னால், ஒரு எட்டுப் பின்னால். அதற்கே பாலையா நாற்காலியில் ஒடுங்கிப் போகிறார். கதை சொல்பவருக்கு எவ்வளவு பாராட்டோ அவ்வளவு பாராட்டு பயப்படுகிறவருக்கும் கொடுக்க வேண்டும்.

அடுத்த வருஷம் 'திருவிளையாடல்'. தருமி என்ற ஏழைப் புலவர். ஆளில்லாத மண்டபத்தில் அங்கும் இங்கும் நடந்து, தனக்குத் தானே புலம்பும் மனிதர். அவர் பாட்டில் குற்றம் இருக்கிறது என்று நக்கீரர் சொல்லிவிட, குற்றம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கழித்துக்கொண்டு மீதிப் பரிசையாவது தரக்கூடாதா என்று தருமி கெஞ்சுவார். ஊரெல்லாம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் கொழுந்து மடுவத்தில், ஈரத்துக்கு இத்தனை கிலோ, கூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கும்போது தராசுக்கு முன்னால் நிற்கும் நமது அக்கா தங்கைகளின் முகத்தைப் பார்த்தால், தருமி யார் என்று தெரியும்.

1968இல் 'எதிர்நீச்சல்'. அதில் மாது என்ற அநாதைப் பையன். பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, கொடுப்பதைச் சாப்பிட்டுப் படிக்கிறான். நாலு பக்கமிருந்தும் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் ஓடிக்கொண்டே இருப்பான். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய் வந்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். நாலு பக்கமிருந்தும் கூப்பிடும் குரல் எப்படியிருக்கும் என்று அவர்களைக் கேளுங்கள்.

பல வருஷம் கழித்து, 1994இல், அந்த மனிதர் ஒரு சொல் பேசாமல், ஒரு தடவை கண் சிமிட்டாமல் ஊரைச் சிரிக்க வைத்தார். 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். வேலைத்தலத்தில் மேலதிகாரியின் தொல்லைக்கு ஆளாகும் மூன்று பெண்களின் கதை அது. அவர்களில் ஒருத்தி துப்புரவு வேலை செய்பவள். அதிகாரி செத்துவிட்டான் என்று பயந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் மாறிக் கடத்திவந்த பிணம்தான் நாகேஷ். நிறுத்தினால் சாய்கிறார், உட்கார வைத்தால் மடிகிறார், ஆள் பார்க்கிற நேரத்தில் கை நழுவி விழுகிறது. உயிருள்ள ஒருவர் தன் உடம்பில் உயிர் இல்லாதது போல முழுப் பாரத்தையும் அடுத்தவர் மேல் போடுவது லேசான வேலையில்லை. நம்பாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் செய்து பாருங்கள், எங்கேயாவது ஒரு நரம்பு இழுத்துப் பிடிக்கும். அந்தப் படத்தை இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். 1987இல் வசனமே இல்லாத 'பேசும் படம்' எடுத்தவரும் அவர்தான். உடம்பால் பேசும் நடிகர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே 1994இல் வந்த 'நம்மவர்' படத்தில், மகளைப் பறிகொடுத்த தகப்பனாக நடித்ததற்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது, துணை நடிகருக்கான விருது. பத்ம விருது எதுவும் அவருக்குக் கொடுக்கவில்லை. 2009 ஜனவரி 31ஆம் திகதி காலமானார்.

இனி இன்றைய படத்துக்கு வருவோம்.

'சர்வர் சுந்தரம்' 1964 டிசம்பரில் வெளிவந்தது. கே. பாலசந்தர் எழுதிய நாடகம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம். அந்த வருஷத்தைக் கேட்டதும் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரை இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒத்தி வைத்தார்கள். அந்த 9,75,000 பேரில் ஒருவரிடமாவது "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று முதலில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்களா? தலையை எண்ணினார்கள், வாயைக் கேட்கவில்லை.

இந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது. நமக்காக எடுத்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் லயத்து வாசலில் டெக் வாடகைக்குப் பிடித்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, விடிய விடியப் படம் பார்த்த காலத்தில் இந்தப் படத்தை நமது ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கதையின் நடுவில் நிற்பது ஒரு சர்வர். கேட்கப்படாத ஒருவன்.

சர்வரை யாரும் பார்ப்பதில்லை. பிளேன்டீயைப் பார்ப்போம், பராட்டாவைப் பார்ப்போம், பில்லைப் பார்ப்போம். கொண்டு வந்து வைத்த கையைப் பார்ப்பதில்லை. நாகேஷ் அந்தக் கையைப் பார்க்க வைத்தார். கோப்பை அடுக்கைத் தாங்கி நிற்கும் கை, கூட்டத்துக்குள் இடிபடாமல் வளைந்து போகும் இடுப்பு, நாலு மேசையையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ளும் கண். அதைப் பார்த்தபோது, இது ஒரு தொழில், இதற்குத் திறமை வேண்டும் என்று நமக்குத் தோன்றியதா இல்லையா? ஒரு மொட்டு இரண்டு இலை என்று விரல் நுனியில் பார்த்துக் கிள்ளும் நமது பெண்களின் வேலையும் அப்படித்தான். வெளியூர்க்காரர் வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். தொழில் திறமை என்று யாரும் எழுதுவதில்லை.

படத்தின் பின்பகுதியில் சுந்தரம் பெரிய நடிகராகிவிடுகிறார். கார், பங்களா, புகழ் எல்லாம் வருகிறது. தாய் விழுந்து கிடக்கும் செய்தி மட்டும் படப்பிடிப்பில் இருக்கும் அவருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. வேலை கெட்டுப் போகக்கூடாதாம். அந்தக் காட்சியில் இந்த மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஏன் இல்லை என்று நமக்குத் தெரியும். தகப்பன் செத்த செய்தி கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கு அடக்கம் முடிந்த பிறகு சொல்லப்பட்ட வீடுகள் இந்த மலையில் இருக்கின்றன. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் தாய்க்குப் பிள்ளையின் சாவு மறைக்கப்பட்ட வீடுகளும் இருக்கின்றன.

இப்போது எங்களுடைய அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பெரகல சந்தியில் கொழும்பு பஸ் நிற்கும்போது பார்த்திருப்பீர்கள். தீபாவளி முடிந்த கிழமையில் பையோடு ஏறும் பையன்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் போகிறவர்கள்தான். சில வருஷங்களுக்கு முன் அப்படிப் போன ஒரு பையன் கையில் கொதி எண்ணெய் கொட்டித் திரும்பி வந்தான். இரண்டு மாதச் சம்பளமும் கொடுக்கவில்லை. பஸ் காசை மட்டும் கையில் வைத்து ஏற்றிவிட்டார்கள். கிளைக் குழுவில் இரண்டு பேர் அந்தக் கடையைத் தேடிப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். பிறகு, "அப்படி ஒரு பையன் இங்க வேல செய்யவே இல்லையே" என்றார்.

அவனிடம் நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. சேமலாப நிதி இலக்கம் இல்லை. பதினான்கு மாதம் அந்த மேசைகளைத் துடைத்திருக்கிறான். எந்த மேசைக்குக் கால் ஆடும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். ஆனால் எந்தப் புத்தகத்திலும் அவன் பேர் இல்லை. அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி கையில் இருந்த காயம். நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். அது எங்கள் தோல்வி. அதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம். அவன் போன அன்றே அவன் பேரையும் கடையின் பேரையும் நாங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேர் விழுந்தால் ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப் பேர். நமது பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து ஒரு பேருக்காகத்தான் சண்டை. அப்படிச் சண்டை போட்டு வந்த நமது பிள்ளைகள், மலை இறங்கிப் போனதும் பேரே இல்லாத வேலைக்குப் போய் நிற்கிறார்கள். இந்தப் படத்தின் தலைப்பைப் பாருங்கள். சர்வர் என்பது தொழில், சுந்தரம் என்பது பேர். இரண்டையும் சேர்த்துச் சுவரில் பெரிய எழுத்தில் போட்டார்கள். எல்லாம் போன பிறகு சுந்தரம் திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்வதும் அந்தச் சர்வர் உடுப்பைத்தான். அதைப் போட அவர் கூச்சப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சிரிப்பு எல்லாம் நல்ல சிரிப்பு இல்லை. நமது பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டி, 'தோட்டக்காட்டான்' என்று வேஷம் கட்டி, மேடையிலும் வானொலியிலும் கைதட்டு வாங்கியவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்ன பிள்ளைகளும் உண்டு. தொலைக்காட்சி நகைச்சுவையைப் பாருங்கள், கறுப்பு நிறம், கட்டை உருவம், கிழவி, ஏழை என்று யாராவது ஒருவர் அடி வாங்கிக்கொண்டே இருப்பார். நாகேஷ் நடித்த அத்தனை படமும் இதற்கு அப்பாற்பட்டது என்று நாங்கள் வாதாட மாட்டோம். சினிமா சினிமாதான். ஆனால் சுந்தரத்தைப் பார்த்து, மாதுவைப் பார்த்து, தருமியைப் பார்த்து நாம் சிரித்தபோது, அவர்களைக் கீழே தள்ளிவிட்டுச் சிரிக்கவில்லை. அவர்கள் விழுந்தால் நமக்கு வலித்தது. ஒருவர் சிரிப்புக் காட்டும்போது யாருடைய பக்கம் நின்று சிரிக்கச் சொல்கிறார் என்று பிள்ளைகள் கேட்டுப் பழக வேண்டும். சங்கக் கூட்டத்தில் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம்தான் இதுவும்.

கடைசியாக, வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அனுப்பும் பெற்றோருக்கும் சில விஷயங்கள். இவை சட்டத்தில் இருப்பவை, யாரும் தரும் தானம் இல்லை.

16 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021இலிருந்து குற்றம். புரோக்கர் வந்து "சும்மா கடையில நிக்கிறதுதான், படிக்கவும் வைப்பாங்க" என்றால் நம்ப வேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்தால் நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். தோட்டத்தில் இது நமக்குப் பழக்கமான கணக்கு. கொழும்புச் சாப்பாட்டுக் கடைக்கும் அதே கணக்குத்தான். தற்காலிகம், பழகுநர் என்று சொல்லி இதைத் தள்ளிப்போட முடியாது.

வேலை செய்யும்போது காயம் பட்டால் நட்டஈடு கேட்க உரிமை உண்டு. அந்தச் சட்டம் இந்த நாட்டில் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரித் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். சம்பளம் தந்த நாளையும் தொகையையும் கைத்தொலைபேசியிலாவது குறித்து வையுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். "அப்படி ஒரு பையன் இங்கே இல்லை" என்று இனி ஒருவரும் சொல்ல முடியாதபடி அது இருக்கும்.

அதோடு, ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதியலாம். ஒரு தெருவில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் நமது மலைப் பையன்கள் ஏழு பேரைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு ஆசையாக இருக்கிறது, ஆனால் நாளைக்கே நடந்துவிடும் என்று சொல்ல மாட்டோம். முதலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டும்.

எங்களிடம் கேள்வி கேட்ட தலைவருக்கு இதுதான் பதில். சம்பளத்தையும் வீட்டையும் காணியையும் விட்டுவிட்டு நாங்கள் சிரிப்புப் படம் காட்டவில்லை. நமது பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்பதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. துண்டுப் பிரசுரம் கொடுத்தால் பாதிப் பேர் படிக்க மாட்டோம். கூட்டம் என்றால் பின்வரிசையில் தூங்குவோம். இன்றைக்கு ஒருவரும் தூங்கவில்லை.

வாசலில் மேசைமேல் ஒரு கொப்பி இருக்கிறது. கொழும்பிலோ, பதுளையிலோ, பண்டாரவளையிலோ கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போயிருக்கும் பிள்ளைகளின் பேர், போன நாள், வேலை செய்யும் இடம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கொப்பி கிளைக் குழுவிடம் மட்டும்தான் இருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு முன்வரிசைப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. பேரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.